அழுங்கு கண்ட ஊற்று

காட்டில் ஓர் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில். மண் தோண்டுவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. அது பாட்டுக்குப் புற்றைத் தோண்டும், எறும்பைத் தின்னும், பிள்ளையை வாலில் ஏற்றிக்கொண்டு பொந்துக்குப் போய்விடும்.

வழியில் முயல் எதிரே வந்தால், "என்ன அக்கா, எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்கும்.

'நான் எங்கே போனால் இதற்கென்ன? எறும்பு இருக்கிற இடத்தைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறது!' என்று நினைத்து, அழுங்கு சட்டென்று பந்தாகச் சுருண்டுகொள்ளும். மான் வந்து "சாப்பிட்டாச்சா?" என்றாலும் அதே கதைதான். போகிற போக்கில் கேட்கிற கேள்விக்கு ஒரு சிரிப்பே போதும் என்பது அதற்குத் தெரியவில்லை, பாவம்.

அந்தச் சித்திரையில் குளம் வற்றிப்போனது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்ட ஆள் வேண்டும் என்று யானை எல்லோரையும் கூட்டியது.

"யாரு தோண்டுறாங்களோ, அவங்க குடும்பத்துக்குத்தான் முதல் தண்ணி!"

அழுங்கின் பிள்ளைக்கு நாக்கு வறண்டு ஒட்டிக்கிடந்தது. எறும்பு தேடிப் போனபோது ஆற்றோர மருத மரத்தடி மணலில் நகத்தில் ஈரம் பட்டது அழுங்குக்கு நினைவு வந்தது. முதல் தடவையாகக் கூட்டத்தில் வாய் திறந்தது.

"அந்த வேலையை எனக்குக் குடுங்க!"

"நீ யாரு தாயி?" என்றது யானை.

"நான்... இங்கேதான்... ஏழு வருசமா..."

"அட, போன வருசம் நான் தடுக்கி விழுந்த கல்லு இதுதான்!" என்றது நரி. எல்லோரும் சிரித்தார்கள்.

"மருத மரத்தடியில தண்ணி இருக்குங்க! சத்தியமா இருக்கு!"

"இருக்கலாம். உன்னைத் தெரியும்னு சொல்ல இங்கே ஒருத்தராவது இருக்காங்களா?" என்றது யானை.

முயல் தரையைப் பார்த்தது.

"நம்ம பன்றியண்ணன் இருக்காரே!" என்றது நரி. "தினமும் வீடு வீடா நலம் விசாரிக்கிற மனுசன்!"

வேலை பன்றிக்குப் போனது. பன்றி கெட்டது இல்லை. நாலு பேரோடு பழகியது, அவ்வளவுதான். மண்ணுக்கடியில் தண்ணீர் எங்கே இருக்கும் என்று தெரியாது. மறுநாள் விடிந்ததிலிருந்து நாணல் ஓரம் தோண்டியது. பாறைதான் வந்தது. பொழுது சாயும்போது, "இனி இங்கே இருந்தா சாவுதான்!" என்று கூட்டம் மலைப்பக்கம் கிளம்பியது.

அழுங்கு மரத்தடியில் தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தது. அடியில் தண்ணீர் பளிச்சென்றது! ஆனால் மணல் சரிந்துகொண்டே இருந்தது. வாரித் தள்ள நாலு பேர் வேண்டும்.

மேலே ஏறி ஓடியது. கூட்டம் தூரத்தில் மலை ஏறிக்கொண்டிருந்தது. கூப்பிடலாம் என்றால், ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை.

"ஏங்க! ஏங்க!" என்று கத்தியது.

வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்து, ஒவ்வொருவரும் திரும்பாமலே நடந்தார்கள்.

திரும்பி வந்தபோது குழி மூடிக்கிடந்தது. பிள்ளை ஈர மணலை நக்கிக்கொண்டிருந்தது. தேய்ந்துபோன நகத்தால் மறுபடி தோண்ட முடியவில்லை.

எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், உதவி கேட்கிற நாள் வருவதற்கு முன்பே நாலு பேரோடு முகம் கொடுத்துப் பழகாதவரின் திறமை, அவருக்கும் உதவாது, ஊருக்கும் உதவாது.