சோணையனைத் தேடிய கதை

கிட்ட வந்து உட்காருங்க, சொல்றேன்.

மலையடிவாரத்து ஜமீன்தாருக்குச் சோணையனின் வேட்டைநாய் செவலை மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். சோணையனுக்கோ நாயைக் கொடுக்க மனசில்லை.

"காட்டுல ஒளியறதுல நீ பெரிய கெட்டிக்காரனாமே? நாயை இங்க என்கிட்ட கட்டிட்டுப் போய் ஒளிஞ்சுக்க. பொழுது சாயறதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டா நாய் எனக்கு" என்றார் ஜமீன்தார்.

"ஆகட்டும் சாமி."

சோணையன் காட்டுக்குள் போனதும், தேடுகிற ஆட்களுக்கு உத்தரவு போட்டார். "நாம வர்றது அவனுக்குத் தெரியக்கூடாது. எல்லாரும் உடம்பெல்லாம் தழை கட்டுங்க, மூஞ்சியில கரி பூசுங்க."

புதருக்குள் இருந்த சோணையன் அதைக் கேட்டான். அவனும் தழையைக் கட்டி, கரியைப் பூசி, தேடுகிற கூட்டத்தில் கடைசி ஆளாகச் சேர்ந்துகொண்டான். கூலி ஆள் மூஞ்சியை ஜமீன்தார் என்றைக்குப் பார்த்தார்? பக்கத்தில் வந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் தழைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்கள்.

காடெல்லாம் அலசியும் ஆள் அகப்படவில்லை. கடைசியில் ஜமீன்தார் செவலையை அவிழ்த்துவிட்டார். அது நேரே ஓடிவந்து சோணையன் காலைச் சுற்றிச் சுற்றி வாலாட்டியது.

ஜமீன்தாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவனைத் தேடச் சொன்னா எவன் காலையோ நக்குது. இந்தச் சோத்துநாய்க்கா நான் ஆசைப்பட்டேன்? ஏய் தழை, இதை இழுத்துட்டுப் போய் அவன் குடிசையிலேயே கட்டு. எனக்கு வேண்டாம்."

தழை வாய் திறக்காமல் கும்பிட்டது. செவலையோடு வீட்டுக்கு வந்த சோணையன், கட்டியிருந்த தழையை அவிழ்த்து ஆட்டுக்குப் போட்டான்.