மெல்ச்சோர் கட்டிய சங்கதி

சத்தியம்! இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் மீசை இந்த நிமிஷமே உதிர்ந்து இந்தக் காப்பிக்குள் விழட்டும்.

பாருங்கள், விழவில்லை. மேலே கேளுங்கள்.

"அம்மா, என்னைத் திருடிட்டாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான் மெல்ச்சோர். முதுகில் கிதார் குதித்தது.

என்கார்னா தலை நிமிரவில்லை. நாற்காலிக்குக் கோரை பின்னிக்கொண்டிருந்தாள்.

"உன்னையா? அவ்வளவு பலம் யாருக்குப்பா இருக்கு?"

மெல்ச்சோர் கனத்த ஆள். ஐம்பத்தெட்டு வயது. அவனுடைய குருவான என்கார்னா அவனைவிட ஆறு வயது சின்னவள்.

இது நடந்தது ஸ்பெயினில், காடிஸ் என்ற துறைமுக ஊரில். நான் அப்போது கப்பலில் சமையல்காரன். கடுகு வாங்கலாம் என்று அந்த ஊரில் இறங்கினேன். அந்த ஊர்ப் பாட்டுக்கு வாசிக்கிற ஃபிளமெங்கோ கிதார் காதில் விழுந்தது. கடுகோடு திரும்பிப் போனபோது நாலு வருஷம் ஆகியிருந்தது. கப்பல்காரர்கள் கோபப்படவில்லை. தாளிக்காமல் காத்திருந்தார்கள்.

என்கார்னாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் பிறந்ததிலிருந்து கிதார்க் கம்பியைத் தொட்டதில்லை. ஆனாலும் அந்த ஊர்க் கிதார்காரர்கள் எல்லாரும் அவளிடம்தான் படித்தார்கள்.

அவள் கை தட்டுவாள். அவர்கள் வாசிப்பார்கள். தப்பு வந்தால் கைத்தட்டு நின்றுவிடும். அதுதான் பாடம்.

அவள் தட்டினால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் தாளம் பிசகாமல் ஆடும். நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

"சரி, என்ன போச்சு?" என்றாள்.

"என் சங்கதி போச்சும்மா. லெப்ரிகா ஊர் லாரிக்காரன், எலாதியோன்னு ஒருத்தன், சந்தையில அத வாசிச்சிருக்கான். ஜனங்க 'எலாதியோ சங்கதி'ன்னு சொல்றாங்களாம்!"

பாடகர் ஒரு வரியைப் பாடிவிட்டு மூச்சு வாங்கும்போது கிதார் தனியாகக் கொஞ்சம் பேசும். அவர்கள் அதற்கு வேறு பேர் வைத்திருக்கிறார்கள். நம் வாய்க்கு வராது. சங்கதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சங்கதி ஒன்று ஒருவர் பேரில் நின்றுவிட்டால், ஆள் போன பிறகும் பேர் நிற்கும். கல்லறையில் வெட்டின பேர்கூட அவ்வளவு நாள் நிற்காது.

"முப்பத்தெட்டு வருஷமா வாசிக்கிறேன்," என்றான் மெல்ச்சோர். குரல் இறங்கியிருந்தது. "என்னோடதுன்னு நான் கட்டினது இது ஒண்ணுதான். பதினோரு மாசம் ஆச்சு கட்ட. இதுவும் அவன் பேருக்குப் போயிட்டா, நான் வாசிச்சேங்கிறதுக்கே அடையாளம் இல்லம்மா."

என்கார்னா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"நான் என்ன செய்யணும்?"

"இன்னிக்கு மத்தியானம் கிதார் மன்றத்துல மூணு பெரியவங்க விசாரிக்கிறாங்க. அவனும் வர்றான். அந்தச் சங்கதிக்கு முதல்ல கை தட்டினது நீங்க. நீங்க வந்து சாட்சி சொல்லணும்."

"சொல்றேன்."

ஈரக் கோரையில் ஒரு பிடியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஆனா ஒண்ணு. அடுத்தவங்க சாமானக் கையில வச்சுக்கிட்டு, திருட்டுப் புகார் சொல்லப் போகக் கூடாது. அத மொதல்ல திருப்பிக் குடுத்துட்டுப் போவோம்."

"என்கிட்ட யாரோட சாமானும் இல்லயே!"

"வலது கையக் காட்டு."

காட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

எதிரில் செவேரோவின் முடிதிருத்தும் கடை. நான் அதில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இவ்வளவும் என் காதில் விழுந்தது. சுவரில் செவேரோவின் தாத்தா படம். பக்கத்தில் ஆணியில் ஒரு பழைய கிதார்.

"மெல்ச்சோர், சுண்டுவிரல்லேருந்து ஆரம்பிச்சு விசிறி மாதிரி நாலு விரலையும் கம்பி மேல வீசுறியே, அது யாரோடது?"

செவேரோ கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்க தாத்தாவோடது. கையில ஒட்டின சோப்பு நுரைய நாள் முழுக்க உதறிக்கிட்டே இருப்பார். ஆள் வராத நேரத்துல கிதார எடுத்தா, கம்பி மேலயும் அதே உதறல்தான். அவரப் பாத்து இந்தத் தெருக்காரங்க கத்துக்கிட்டாங்க. அப்புறம் ஊரே கத்துக்கிச்சு."

"திருப்பிக் குடுத்தாச்சு," என்றாள் என்கார்னா. ஒரு கோரையை உருவி மெல்ச்சோரின் சுண்டுவிரலை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டினாள்.

படத்தில் இருந்த தாத்தா மீசையைத் தடவிக்கொண்டார். செவேரோ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அவர்கள் கிளம்பினார்கள். முடிவு தெரியாமல் என்னால் அங்கே உட்கார முடியுமா? பாதிக் கன்னத்தில் நுரையும் கழுத்தில் துண்டுமாகப் பின்னாலேயே போனேன்.

அடுத்து மூலையில் ஒரு மதுக்கடை. அதை நடத்துகிறவள் பஸ்தோரா.

"வா மெல்ச்சோர்! ஏன் விரலக் கட்டிக்கிட்டு வர்ற? எங்கயாவது மறந்துட்டு வந்துடுவன்னு பயமா?"

"பஸ்தோரா," என்றாள் என்கார்னா, "இவன் வாசிக்கறப்போ நடுநடுவுல மோதிரவிரலால கிதார்ப் பலகையில 'டக்'குன்னு தட்டுறானே. அது எங்கேருந்து வந்துச்சு?"

பஸ்தோரா சிரித்தாள். ஜன்னலோரத்தில் இருந்த மேசையைக் காட்டினாள். அதன் விளிம்பில் வரிசையாகக் குழிகள். தண்ணீர் ஊற்றினால் நிற்கும்.

"இங்கேருந்துதான். மூட்டை தூக்குறவங்க உட்கார்ற மேசை. கிதார் வாங்க வக்கில்லாத காலத்துல, விரல் முட்டியால இந்த மேசையில தட்டித்தான் பாடினாங்க. அப்புறம் கிதார் வந்துச்சு. பழகின கை, தட்டாம இருக்குமா?"

மெல்ச்சோர் அந்தக் குழிகளைத் தடவிப் பார்த்தான். பத்து வருஷமாக அந்த மேசையில் உட்கார்ந்து குடித்தவன்தான். குழியை அன்றைக்குத்தான் பார்த்தான்.

மோதிரவிரலைக் கட்டினாள்.

"டக்," என்றது மேசை. யாரும் அதைத் தொடவில்லை.

கடற்கரைச் சுவருக்கு வந்தார்கள். நல்ல வெயில். நுரை என் கன்னத்தில் காய்ந்து இழுத்தது.

"ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்குமே, ஆடி ஆடி, ஊஞ்சல் மாதிரி ஒரு நடை. அது?"

"அது ஹவானாலேருந்து வந்ததும்மா. இங்கேருந்து கப்பல் ஏறிப்போன பாட்டு, அங்க போய் இடுப்ப ஆட்டக் கத்துக்கிட்டுத் திரும்பி வந்துச்சு."

"யாரு கொண்டு வந்தா?"

"யாருக்குத் தெரியும்? மாலுமிங்க. சமையல்காரங்க. பேரெல்லாம் யாரு எழுதி வச்சா?"

சமையல்காரர்கள் என்றதும் நான் நெஞ்சை நிமிர்த்தினேன். யாரும் பார்க்கவில்லை.

"பேர் தெரியாதவங்களுக்கும் திருப்பிக் குடுக்கணும்," என்றாள் என்கார்னா.

மெல்ச்சோர் கடலைப் பார்த்து நின்றான். தொப்பியைக் கழற்றினான். அவள் கழற்றச் சொல்லவில்லை.

இரண்டு விரல்களையும் சேர்த்துக் கட்டினாள்.

"கட்டைவிரலையாவது விட்டுடுங்கம்மா."

"சரி, வச்சுக்கோ."

அவள் நடந்தாள். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள். அவன் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன?"

"இது எங்கப்பாவோடது."

அவள் திரும்பி அவன் பக்கத்தில் வந்தாள்.

"சூரை மீன் வலைக் கயித்துல மாட்டி வலது கையில நாலு விரல் போயிடுச்சு அவருக்கு. மிச்சம் இருந்தது கட்டைவிரல் ஒண்ணுதான். அத வச்சு மேலயும் கீழயும் வாசிப்பார். ஒத்த விரல்தான். மூணு பேர் சேர்ந்து வாசிக்கற மாதிரி கேக்கும். நான் மீன் பெட்டி மேல உட்கார்ந்து கேப்பேன். ஒரு நாள்கூட அவர்கிட்ட நல்லா இருந்துச்சுன்னு சொன்னதில்ல."

கட்டைவிரலை அவனே நீட்டினான்.

"கட்டுங்க. இறுக்கியே கட்டுங்க."

அவள் தளர்வாகத்தான் கட்டினாள்.

முடிச்சுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தான் மெல்ச்சோர். அது ஒரு சின்ன நாற்காலி மாதிரி இருந்தது.

"இப்ப என்கிட்ட என்னம்மா மிச்சம் இருக்கு?"

"காது ரெண்டும் இருக்கே. நட, நேரமாச்சு."

மன்றம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். வெள்ளையடித்த ஒரு நீள அறை. இருபது நாற்காலிகள். அத்தனையும் என்கார்னா பின்னியவை. மூன்று பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவருக்குக் காது மந்தம். அதனால் அவர்தான் தலைவர். எல்லாரும் அவருக்குக் கேட்கிறமாதிரி பேசியாக வேண்டும், பின்வரிசைக்கும் கேட்டுவிடும்.

எலாதியோ ஓரத்தில் நின்றிருந்தான். லாரிக்காரனுக்கு உரிய தோள்கள். பார்வை மட்டும் பரீட்சைக்கு வந்தவன் மாதிரி. மெல்ச்சோரைக் கண்டதும் தொப்பியை எடுத்துவிட்டான்.

"எலாதியோ! அந்தச் சங்கதி உனக்கு எங்க கெடச்சுது?" என்றார் தலைவர்.

"போன மாசம் இவர் வீட்டுக்குக் கீழதாங்க ஆரஞ்சுப் பெட்டி இறக்கினோம். ஒன்பது நாள். மேல ஜன்னல்லேருந்து கேட்டுச்சு."

"கேட்டியா? அப்ப இவரு கட்டினதுன்னு உனக்குத் தெரியும்!"

"சத்தியமாத் தெரியாதுங்க." எலாதியோ தொப்பியைக் கசக்கினான். "இது ஒருத்தர் உட்கார்ந்து கட்டினதா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. ரொம்பப் பழசுன்னு நெனச்சேன். நம்ம தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல, பேர் தெரியாத யாரோ விட்டுட்டுப் போனதுன்னு. நான் எங்கயும் என்னோடதுன்னு சொல்லலீங்க. ஜனங்கதான் சொல்லிட்டாங்க."

கத்துவதற்கு முன்னால் போன மெல்ச்சோர் ஓரடி பின்வாங்கினான்.

"வாசி. கேட்டுட்டு முடிவு சொல்றோம்," என்றார் தலைவர்.

எலாதியோ உட்கார்ந்தான். என்கார்னா மெதுவாகக் கை தட்ட ஆரம்பித்தாள். பன்னிரண்டு தட்டுத் தாளம். அவர்களுடைய தாளங்களிலேயே தனிமையான தாளம் அது.

மெல்ச்சோரின் கை பழக்கத்தில் துடித்தது. கோரை விடவில்லை. வேறு வழியில்லாமல் கேட்டான்.

தான் கட்டியதை அவன் வெளியே நின்று கேட்பது அதுதான் முதல் தடவை.

நுரையை உதறுகிற வீச்சு வந்தது. மேசைத் தட்டு வந்தது. ஹவானா ஊஞ்சல் ஒரு தடவை ஆடியது. கட்டைவிரல் மேலும் கீழும் போனது. மெல்ச்சோரின் உதடு அசைந்தது. யாரிடம் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.

எட்டாவது தட்டு. ஒன்பது.

பத்தில் எலாதியோ நிறுத்திவிட்டான்.

அங்கே ஒன்றுமே இல்லை. கைத்தட்டு மட்டும். வெளியே கடல், உடையப்போன ஓர் அலையைப் பிடித்து நிறுத்திக்கொண்டது. பதினொன்றில்தான் விட்டது.

எலாதியோ மிச்சத்தை வாசித்து முடித்தான்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ச்சோரிடம் கேட்டார்:

"என்னப்பா, இது உன்னோடதுதானா?"

"சாட்சி சொல்ல நான் வந்திருக்கேன்," என்றாள் என்கார்னா. "சொல்லவா மெல்ச்சோர்?"

மெல்ச்சோர் கட்டுப்போட்ட கையைத் தூக்கி, இருங்கள் என்று சைகை காட்டினான். எலாதியோவைப் பார்த்தான்.

"பத்தாவது தட்டுல ஏன் நிறுத்தினீங்க? நான் அங்க ஏழு சுரம் அடுக்கி வச்சிருந்தேனே?"

"அப்படியாங்க?" எலாதியோவின் முகம் சிவந்தது. "எனக்குத் தெரியாதுங்க. கீழ நின்னு கேக்கறப்போ அந்த எடம் வந்தாலே மூச்சு அடைச்சுக்கும். ஒன்பது நாளும் அப்படித்தான். அங்க நீங்க என்ன வாசிச்சீங்கன்னு காதுலயே ஏறல. அதான் காலியா விட்டுட்டேன். தப்புன்னா மன்னிச்சிடுங்க ஐயா."

"நான் கேட்டது காதுல விழலியா?" என்று தலைவர் இன்னும் சத்தமாகக் கேட்டார். "சங்கதி யாரோடது? யார் பேர எழுத?"

மெல்ச்சோர் ஒரு நாற்காலியைக் காலால் இழுத்துக்கொண்டு போனான். எலாதியோவுக்கு எதிரில், முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி, பாடம் கேட்க வந்தவனைப் போல உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவ வாசிங்க," என்றான். "மெதுவா. பத்தாவது தட்டு எனக்கு வர மாட்டேங்குது."

இதை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். யாராவது துருவிக் கேட்டால், நீங்களே கட்டிய கதை என்று சொல்லிவிடுங்கள்.