எதிர்ப்பக்கம் நடந்த செண்பகம்

ஒரு ஊர்ல ஒரு மலை இருந்துச்சாம். ஊருக்கு நடுவுலயே, பஸ் ஸ்டாண்டுக்கும் மார்க்கெட்டுக்கும் மேல தலையைத் தூக்கிக்கிட்டு. ஜனங்க அதைச் சுத்தி வலம் வருவாங்க. ம் கொட்டு கண்ணு.

அங்க செண்பகம்னு ஒருத்தி. அவ புள்ளைக்கு மூணு வயசாகியும் பேச்சு வரல. "சாமி, நடுவுல திரும்பாம ஒரே சுத்தா உன்னைச் சுத்துறேன், என் புள்ளைக்கு ஒரு வார்த்தை வரட்டும்"னு வேண்டிக்கிட்டா. அப்புறம் ஒரு பௌர்ணமி விடியக்காலம் கிளம்பினா. கூடவே மாமியார் ராக்கம்மாவும்.

"நீங்க எதுக்கு அத்தை? முட்டி வலிக்கும்."

"என் பேரனுக்கு நான் நடக்காம எதிர்வீட்டுக்காரியா நடப்பா?"

சரக் சரக்னு வெறுங்காலோட நடந்தாங்க. கூட்டம்னா கூட்டம்! பாதி மலை சுத்தினப்போ பாத்தா, மாமியாரைக் காணோம். செண்பகம் எக்கி எக்கித் தேடினா. முன்னால போனா வேண்டுதல் முழுசாகும். திரும்பினா போச்சு. நின்னு யோசிச்சா. அப்புறம் திரும்பிட்டா.

பீ...ன்னு போலீஸ்காரர் விசிலடிச்சார். "எதிர்ல வராதம்மா!" அவ நிக்கல.

அப்புறம் ஒரு பூக்காரி, "ஐயோ, மலை இடது கைப்பக்கம் வருதே, ஆகாதும்மா!"ன்னா. அவ நிக்கல.

அப்புறம், கிளம்பும்போது இவ வேண்டுதலைக் கேட்டிருந்த ஒருத்தி, இடுப்புல புள்ளையோட, "வேண்டுதலை முறிச்சா புள்ளைக்குத்தானே கேடு?"ன்னா. அப்போ மட்டும் செண்பகத்துக்குக் கண்ணு நிறைஞ்சிருச்சு. ஆனா நடந்தா.

தண்ணிக் குழாய்க்கிட்ட ராக்கம்மா உக்காந்திருந்தா. கால்ல கண்ணாடிச் சில்லு.

"கூறு கெட்டவளே, ஏண்டி திரும்பி வந்த? வேண்டுதல் போச்சே!"

"உங்களைத் தொலைச்சிட்டு எதை அத்தை வாங்கிட்டு வர்றது?"

ராக்கம்மா மூக்கை உறிஞ்சினா. மலையை அண்ணாந்து பாத்தா. அப்புறம், "ஏண்டி, வட்டத்துக்கு ஏதுடி ஆரம்பம்? இங்கருந்தே ஆரம்பிப்போம். சுத்தி இங்கயே வந்து முடிப்போம்"னா.

செண்பகம் சிரிச்சிட்டா. சில்லைப் புடுங்கி, முந்தானையைக் கிழிச்சுக் கட்டினா. அத்தை கையைப் புடிச்சுக்கிட்டா. வெயில் சுள்ளுனு ஏறினப்பவும் விடல, சுத்தி அந்தக் குழாய்க்கிட்டயே வந்து முடிச்சாங்க.

புள்ளை பேசுச்சான்னுதானே கேக்குற? பேசுச்சுன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா தெரியாததை எப்படிச் சொல்றது? ரெண்டு பேரும் நொண்டி நொண்டி வீட்டுக்குள்ள வந்தப்போ அது தடதடன்னு ஓடி வந்துச்சாம். அப்பத்தா காலைப் பாத்துச்சாம். பக்கத்துல குத்துக்கால் போட்டு உக்காந்து, வலி போகட்டும்னு "ஊ... ஊ..."ன்னு ஊதிச்சாம்.

கதை மலையேறிடுச்சு. நீ கண்ணை மூடு.