அளவு கொடுத்தவர்

குரு என்றதும் தாடியும் காவியும் ஆலமர நிழலும் வந்து நிற்க வேண்டாம். இந்தக் கதையின் குரு ஜெசிந்தா. வயது முப்பத்தாறு. கோவைக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை வைத்திருந்தார். ஆட வருகிறவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பார். அவரவர் உயரத்துக்கும் வீச்சுக்கும் அளவெடுத்து மட்டை செய்து தருவார். சாந்த சொரூபி என்று சொல்ல முடியாது. மட்டையைத் தரையில் எறிகிற ஆள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வெளியே போகச் சொல்லிவிடுவார்.

சீடர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்தெட்டு. கிணற்று மோட்டார் செய்கிற கம்பெனிக்கு முதலாளி. "நீங்க செய்யறது தப்புங்க" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது. ஜெசிந்தா முதல் நாளே சொன்னார். அன்றிலிருந்து நாச்சிமுத்து அவரை குரு என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார், போகப் போக அது நிஜமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து தன் சம்பந்தி மாரப்பனோடு ஆடப் போனார். மகள் தாரணியைக் கொடுத்திருக்கிற வீடு அது. நாச்சிமுத்துவின் முதல் அடி நேராகத்தான் கிளம்பியது. பிறகு வழக்கம்போல வலப்பக்கம் வளைந்து, வேலியைத் தாண்டிச் சோளக்காட்டில் விழுந்தது. மாரப்பன் கையைக் கண்ணுக்கு மேலே வைத்து அதைப் பார்த்தார்.

"சம்பந்தி பந்தும் பொண்ணு மாதிரியேதான். சொன்ன பக்கம் போகாது" என்றார்.

சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அந்தச் சொல் உள்ளே இறங்கியது. காரை ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கை ஓங்கி அறைந்தார். பெற்றவன் காதுபட அவன் பெண்ணை அப்படிச் சொல்ல எவ்வளவு திமிர் இருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற தன்னை நினைத்தபோது ஆத்திரம் இன்னும் மேலே ஏறியது. மாரப்பன்மேல் வந்த கோபம் பாதி, தன்மேல் வந்தது பாதி. இரண்டையும் சேர்த்து மாரப்பன் கணக்கிலேயே எழுதினார். மனிதர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

தாரணியின் மகனுக்கு ஆவணியில் காதுகுத்து வைத்திருந்தார்கள். குலதெய்வம் கோயிலில், தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்துக் குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் நாச்சிமுத்துவின் மகன். வீட்டுக்குள் நுழைந்ததும் நாச்சிமுத்து மனைவி வசந்தாமணியைக் கூப்பிட்டுச் சபதம் போட்டார். காதுகுத்துக்கு முன்னால் மைதானத்தில் நடக்கப்போகிற போட்டியில், முதல் அடியிலேயே மாரப்பன் பந்தைத் தாண்டித் தன் பந்து விழ வேண்டும். விழாவிட்டால் காதுகுத்துக்குத் தானும் போவதில்லை, மகனையும் அனுப்புவதில்லை.

மாமன் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துவது, ஊர் தாரணியைத்தானே கேட்கும் என்று வசந்தாமணி அழுதார். நாச்சிமுத்துவின் காதில் ஏறவில்லை.

"எனக்குப் புது டிரைவர் வேணும்" என்றார்.

"இருக்கற டிரைவர் என்னங்க பண்ணுனான்?"

கார் ஓட்டுகிற பையனைச் சொல்கிறார் என்று வசந்தாமணி நினைத்துவிட்டார். கோல்ஃபில் முதல் அடிக்கு எடுக்கிற நீள மட்டைக்கும் டிரைவர் என்றுதான் பெயர். நாச்சிமுத்து அதை விளக்கிச் சொன்னதும், "ஆட மாட்டாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முணுமுணுத்துக்கொண்டு வசந்தாமணி சமையலறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையிலேயே சீடர் குருவின் அறைக்கு வந்து நின்றார். நேராகவும் போக வேண்டும், தூரமாகவும் போக வேண்டும், தன் உடம்புக்கென்றே அளவெடுத்துச் செய்த மட்டை வேண்டும் என்றார்.

அந்த அறையின் ஒரு பக்கம் மைதானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். அங்கிருந்து அடித்தால் பந்து வெளியே புல்வெளியில் போய் விழும். தரையில் ஒரு சின்னக் கருவி இருந்தது. மட்டை என்ன வேகத்தில் வந்தது, பந்து எந்தப் பக்கம் சுழன்றது என்பதையெல்லாம் அது திரையில் காட்டும். ஜெசிந்தா மட்டையின் முகத்தில் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டினார். அடி பட்ட இடத்தில் அதில் தடம் விழும். கனமான தண்டு, லேசான தண்டு, வளைகிறது, வளையாதது என்று மாற்றி மாற்றிப் பூட்டிக் கொடுத்தார். சீடர் அடித்துக்கொண்டே இருந்தார்.

ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவர் உதடு அசைவதை குரு கவனித்தார்.

"யார் பேருங்க சொல்றீங்க?"

"யார் பேரும் இல்ல. நீங்க அளவ எடுங்க அம்மணி."

கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பல்லைக் கடிக்கிற சத்தம் வெளியே கேட்டது. திரையில் வந்த வேகம் நாச்சிமுத்துவின் வேகமே இல்லை. ஜெசிந்தா கருவியை அணைத்துவிட்டார்.

"இன்னிக்கு வேண்டாங்க. கோவம் ஆறுனதும் வாங்க."

"ஆறாது."

"டெய்லர்கிட்ட அளவு குடுக்கறப்ப வயித்த எக்கிட்டு நின்னா, சட்டை எக்குன வயித்துக்குத்தான் சேருமுங்க. அப்புறம் மூச்சு விட முடியாது."

"நான் எக்கிட்டே இருந்துக்கறேன். நீங்க தையுங்க."

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். சீடர் நகரவில்லை. மூன்றாம் முறை சொல்கிற பழக்கம் குருவுக்கு இல்லை. கருவியை மறுபடி போட்டார். வந்து நின்ற ஆளுக்கு என்ன அளவோ அதை ஒரு நூல் பிசகாமல் எடுத்தார். கனமான தண்டு, கொஞ்சமும் வளையாதது. அந்த ஆத்திர வீச்சில் பந்து வலப்பக்கம் ஓடாமல் இருக்க மட்டையின் முகத்தை இடப்பக்கமாக லேசாகத் திருப்பிப் பூட்ட வேண்டும். அப்படியே செய்து கொடுத்தார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நாச்சிமுத்துவுக்கு அதோடு மட்டையும் கிடைத்துவிட்டது.

மட்டை அற்புதமாக வேலை செய்தது. அதை மறுக்க முடியாது. மைதானத்தின் நடுப்பகுதியில் ஒரு புங்கமரம் உண்டு. மாரப்பன் பந்து அதற்கு நேராகத்தான் விழும். நாச்சிமுத்துவின் பந்து இப்போது நூல் பிடித்த மாதிரி போய்ப் புங்கமரத்தைத் தாண்டி விழுந்தது. தினமும் காலையில் போய் நிற்பார். சம்பந்தி பந்தும் பொண்ணு மாதிரியேதான் என்று மனசுக்குள் ஒருமுறை சொல்வார். உடம்பு சூடேறும். அடிப்பார்.

ஒருநாள் வசந்தாமணி செல்போனில் பேரன் தத்தித் தத்தி நடக்கிற வீடியோவைக் காட்டினார். நாச்சிமுத்து அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போனார். அன்றைக்கு முதல் பந்து இடப்பக்கம் போனது. தற்செயல் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் அதற்குப் பிறகு அவர் வீடியோ பார்க்கவில்லை. மகள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. காதுகுத்துப் பேச்சு எடுத்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். அடுப்பு அணையாமல் விறகு தள்ளுகிற மாதிரி கோபத்தைப் பார்த்துக்கொண்டார். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒரு பந்து நேராகப் போவதற்காக.

போட்டிக்கு இரண்டு நாள் இருந்தபோது தாரணியே வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை. அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க மாமனாரு சொன்னது யாரைங்கப்பா?"

"உன்னத்தான்."

"என்னத்தானே? அன்னிக்கே அவர்கிட்டக் கேட்டுட்டேன். சொன்ன பக்கம் போறதுக்கு நான் என்ன பந்தான்னு."

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அன்று ஆட்டம் முடிந்து வந்த மாரப்பன் அந்த வேடிக்கையை வீட்டிலும் சொல்லிச் சிரித்திருக்கிறார். எல்லோரும் இருந்த கூடத்திலேயே அவள் அதைக் கேட்டுவிட்டாள். மாரப்பன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் அவராகவே, அதே கூடத்தில், எல்லோரும் இருக்கும்போது, வாய் தவறிடுச்சு சாமி என்றார். அத்தோடு அது முடிந்துபோயிற்று.

"எனக்குத் தீந்துபோச்சு. உங்களுக்கு எதுக்குங்கப்பா அது இன்னும்?"

கீழே இறங்கிய குழந்தை தத்தி வந்து நாச்சிமுத்துவின் மடியைப் பிடித்து ஏறியது. அவர் காதைப் பிடித்து இழுத்தது. அவர் தடுக்கவில்லை.

மறுநாள் காலை மைதானத்தில் அவர் அடித்த பந்து ஒன்றுகூட நேராகப் போகவில்லை. எல்லாம் இடப்பக்கம் வளைந்து குட்டைத் தண்ணீரில் விழுந்தன. மட்டை கையில் கடப்பாரையாகக் கனத்தது. நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது, ஆனால் இந்தக் கோபம் மட்டைமேல். அது பந்துக்கு உதவவில்லை. விடுவிடுவென்று குருவின் அறைக்கு நடந்து போய், டிரைவரைத் தரையில் வீசினார். செல்போனை மேசைமேல் போட்டார்.

"எடுங்க" என்றார் ஜெசிந்தா.

சீடர் நின்றார்.

"முதல்ல அதைக் கையில எடுங்க. இல்லாட்டி வெளிய போங்க."

எடுத்தார். எடுத்துக்கொண்டே கத்தினார். அளவு தப்பு என்றார். தெரிந்தே தன் தலையில் கோணல் மட்டையைக் கட்டிவிட்டதாகச் சொன்னார். நாளைக்குப் போட்டி, மாரப்பன் முன்னால் மறுபடியும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று கேட்டார். குரு ஒரு பந்தை எடுத்து வைத்து, அடிங்க என்றார். இடப்பக்கம் போனது. இன்னொன்று வைத்தார். அதுவும் இடப்பக்கம்.

திரையைப் பார்த்த ஜெசிந்தா, இடையில் என்ன நடந்தது என்று கேட்டார். சீடர் எல்லாவற்றையும் கொட்டினார். மாரப்பன் சொன்னது, தான் சிரித்தது, சபதம், காதுகுத்து, மகன் மடி, தாரணி வந்து போனது. சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று நிறுத்திவிட்டுப் பந்தின் முன்னால் போய் நின்றார்.

"சம்பந்தி பந்தும் பொண்ணு மாதிரியேதான்" என்று சத்தமாகச் சொன்னார். பல்லைக் கடித்தார். "சொன்ன பக்கம் போகாது."

அதற்கு மேலே அவராகச் சொல்லவில்லை, தானாக வந்தது. நான் என்ன பந்தான்னு கேட்டிருக்கா அம்மணி என்றார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இது அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை. அந்த முகத்தோடு அடித்த பந்து மெதுவாகக் கிளம்பி இடப்பக்கம் போனது.

நாச்சிமுத்து குருவின் பக்கம் திரும்பினார்.

"மட்டை கெட்டுப்போச்சு அம்மணி."

"மட்டை நல்லாத்தான் இருக்குங்க. அன்னிக்கு அளவு குடுத்தவர்தான் இன்னிக்கு வரல."

சீடர் கையிலிருந்த டிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்படின்னா இப்பவே புது அளவு எடுங்க."

"எடுக்கலாமுங்க. நேராப் போகும். ஆனா இப்ப வந்திருக்கறவர் அடிச்சா பந்து புங்கமரத்துக்கு முன்னாடியே விழுந்துரும்."

"அது ஆகாது. நாளைக்கு அந்த ஆளத் தாண்டியே ஆகணும்." நாச்சிமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு இறங்கிய குரலில் கேட்டார். "அளவு குடுத்தவன் திரும்பி வரணும்னா நான் என்ன பண்ணணும்?"

ஜெசிந்தா மேசைமேல் கிடந்த அவருடைய செல்போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பொண்ணுக்குப் போன் போட்டு, காதுகுத்துக்கு யாரும் வரமாட்டோம்னு சொல்லுங்க. அந்தக் கோவக்காரர் உடனே வந்துருவாருங்க."