ஓலைக் கூடை யாருடையது?

மதுரையில் நடந்த கைவினைச் சந்தையில் வாசலை ஒட்டிப் பெரிய கடை போட்டிருந்தார் தணிகாசலம். சந்தைக்கு விளம்பரமெல்லாம் அவர் செலவு என்பதால், அவரைக் கண்டால் அமைப்பாளரே எழுந்து நிற்பார். பேச்சிக்கனிக்குக் கிடைத்தது கழிவறைப் பக்கத்து மூலை. அங்கே தன் ஓலைக் கூடைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் நாள் தணிகாசலம் அமைப்பாளரோடு வந்து நின்றார். "இந்தம்மா கூடையப் பாருங்க, அப்படியே என் கூடை. என் பட்டறையில நாப்பது பேர் பின்னுறாங்க. அந்த மாடலத் திருடியிருக்கு. கடையைக் காலி பண்ணச் சொல்லுங்க."

"பண்ணிடுறேன் ஐயா," என்றாள் பேச்சிக்கனி. "அந்த நாப்பது பேர்ல ஒருத்தர் வந்து என் முன்னால கூடைக்கு அடி போட்டுக் காட்டட்டும். அது உங்க கூடையோட ஒத்துப்போனா என் சரக்கையும் நீங்களே எடுத்துக்கிடுங்க."

பட்டறை மேஸ்திரியே வந்து உட்கார்ந்தார். அழகாகத்தான் பின்னினார். உள்ளங்கை அளவு அடி வளர்ந்ததும், அதைத் தணிகாசலத்தின் கூடை ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்தாள் பேச்சிக்கனி. மேஸ்திரியின் பின்னல் வலப்பக்கம் சுற்றியிருந்தது. கூடையின் பின்னல் இடப்பக்கம். அமைப்பாளர் வாசல் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். எல்லாமே இடப்பக்கம்.

"எனக்கு இடதுகைப் பழக்கம் ஐயா," என்றாள் பேச்சிக்கனி. "போன மாசம் ஒரு வியாபாரி என்கிட்ட அறுபது கூடை வாங்கிட்டுப் போனார். எங்க கொண்டுபோனாரோன்னு நெனச்சேன். வாசல்லயே நல்ல இடமாப் பார்த்துத்தான் வச்சிருக்காங்க."