சுனையின் தோல்

மலையடிவாரத்துச் சுனை ஒன்றில் நெடுங்காலன் என்றொரு பூச்சி இருந்தான். கால் நனையாமல் தண்ணீர்மேல் ஓடுகிற இனம். மனைவியைத் தவளை விழுங்கிவிட்டது. ஏழு குஞ்சுகளும் அவன் பொறுப்பு.

ஈயோ எறும்போ சுனையில் விழுந்தால் தண்ணீர் அதிரும். அந்த அதிர்வைக் காலால் உணர்ந்து, ஓடிப் பிடிப்பதுதான் அவன் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. கொசுப்புழுக்கள் கூட்டமாய் வந்து சேர்ந்தன. வால்குழாயைத் தண்ணீரின் மேல்தோலில் மாட்டி, தலைகீழாய்த் தொங்கி மூச்சுவிட்டன. சும்மாவா தொங்கின? சதா நெளிந்தன! விழுந்தது எறும்பா, நெளிந்தது புழுவா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. குஞ்சுகள் மூன்று நாள் பட்டினி.

"நெளியாமல் கிடந்தால் என்ன?" என்று கத்தினான்.

"எங்களுக்கும் வயிறு இருக்கே அண்ணே!" என்றாள் சொக்கி. புழுக்களில் அவள் மூத்தவள். "வேணும்னா நாளையிலிருந்து மேற்கு ஓரமா ஒதுங்கிக்கிறோம்."

நல்ல பேச்சு. கேட்டிருக்கலாம். பசித்த குஞ்சுகளின் முகம் பார்த்தவனுக்குக் காது அடைத்துவிட்டது.

சுனையோரம், தண்ணீரில் சோப்புபோல் நுரைக்கும் கொட்டை காய்க்கிற பூந்திக்கொட்டை மரம். அதில் சுருளி என்ற அணில். அவளிடம் போனான்.

"உன் குட்டிகளை ராத்திரியெல்லாம் கடிக்கிறது யார்? இதுங்க வளர்ந்து பறக்கிற கொசுதான்! கொட்டையைக் கொறிச்சுத் தண்ணியில போடு. நுரையில பிடி நழுவி அத்தனையும் முழுகிடும்!"

பெற்ற வயிறு. சுருளி யோசிக்கவில்லை. கொறித்துக் கொறித்துப் போட்டாள்.

முதல் நுரையைப் பார்த்ததும் சொக்கி பதறினாள். "அண்ணே, வேண்டாம்! நாங்க அடியிலிருந்து பார்க்கிறவங்க. உள்ளே இருக்கிற ஒவ்வொரு நீர்த்துகளும் மேலே, கீழே, பக்கத்துலன்னு எல்லாப் பக்கமும் கைகோத்திருக்கு. மேல்வரிசைக்குத் தலைக்குமேல காத்துதான். கோக்க ஆளில்லாம ஒரு கை வெறுமனே நீட்டிக்கிட்டு நிக்கும். அதனாலதான் பக்கத்துல இருக்கிறதை அவ்வளவு இறுக்கமாப் பிடிக்குது. அந்தப் பிடியிலதான் நாங்க தொங்குறோம், உன் குஞ்சுங்க நிக்குதுங்க!"

"சாகப்போகிற நேரத்தில் பாடம் நடத்துகிறாயா?" என்று சிரித்தான் நெடுங்காலன். வேடிக்கை பார்க்க வசதியாய்க் கரைப்பாறையில் ஏறி உட்கார்ந்தான். "கண்ணுங்களா, தண்ணியிலேயே இருங்க! புழு ஒழிஞ்சதும் வேட்டைதான்!"

கொட்டைச்சாறு துகள்களுக்கு நடுவே புகுந்தது. கோத்த கைகள் தளர்ந்தன. புழுக்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று இறங்கின. சொக்கி இரண்டு முறை எம்பிப் பார்த்தாள். குழாய் மாட்டவில்லை.

"ஒழிஞ்சுதுங்க!" என்று துள்ளினான் நெடுங்காலன்.

அப்போது கடைக்குட்டியின் பின்னங்கால் தண்ணீருக்குள் இறங்கியது. "அப்பா, கால் உள்ள போகுது!"

"ஓடி வா! கரைக்கு ஓடி வா!"

எதன்மேல் ஓடுவது? உந்திய காலும் உள்ளே போனது. ஏழும் தத்தளித்தன. நெடுங்காலன் பாய்ந்தான். அவன் காலும் முழங்கால்வரை அமிழ்ந்தது. பதறிப்போய்ப் பாறையைப் பிடித்து ஏறிக்கொண்டான். பாவி, ஏறிக்கொண்டான்! அங்கிருந்தபடியே ஏழு பேரும் அடங்குவதைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதே! நீ சொல்லித்தானே செய்தேன்!" என்று மரத்திலிருந்து அழுதாள் சுருளி.

ஐப்பசி மழை சுனையைக் கழுவியது. தண்ணீருக்குத் தோல் திரும்ப வந்தது. எங்கிருந்தோ ஒரு கொசு பறந்துவந்து முட்டையிட்டுப் போனது. நெடுங்காலன் பார்த்துக்கொண்டே இருந்தான், விரட்டவில்லை. யாருக்காக விரட்டுவான்?

அடுத்தவர் தொங்குகிற பிடியை அறுக்க நினைப்பவன், தன் பிள்ளைகள் எதன்மேல் நிற்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.