துளை அடைக்காத விரல்

ஏதென்ஸ் நகர நீதிமன்றத்தில் அன்று ஐந்நூற்றொரு நடுவர்கள். அவர்களில் ஒருவனான கிராத்தீஸுக்குக் குலுக்கலில் விழுந்தது தண்ணீர்ப் பானை வேலை. இரு தரப்புக்கும் ஒரே அளவு தண்ணீர். அடித்துளை வழியே அது வடிந்து தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. பேசுகிறவன் கேட்டுச் சாட்சியம் வாசிக்கப்படும்போது மட்டும் துளையை விரலால் அடைக்கலாம்.

பகைவருக்குத் தானியம் விற்றதாகக் கப்பல்காரன் நௌசிக்லீஸ் மேல் வழக்கு. தோற்றால் நஞ்சுக் கோப்பை. தன் வழக்கைத் தானேதான் பேச வேண்டும் என்பது அவ்வூர் வழக்கம். பாவம், அவனுக்குத் திக்குவாய். பிலோக்லீஸ் என்பவன் எழுதித் தந்த பேச்சை மனப்பாடம் செய்து வந்திருந்தான். முத்திரையிட்ட சாடிக்குள் இருந்த துறைமுக அதிகாரியின் எழுத்துச் சாட்சியத்தைக் கடைசியில் கேட்டு வாங்கும்படி எழுதியிருந்தான் அந்தக் கெட்டிக்காரன். தண்ணீருக்கு அளந்துதான் எழுதினான், ஆனால் தன் வீட்டில், தன் வாயால் பேசிப் பார்த்து.

தண்ணீர் நூலாக மெலிந்தது. "அந்தச் சா... சா..." என்று நௌசிக்லீஸ் அந்தச் சாடியைக் காட்டித் தவித்தான். கிராத்தீஸின் விரல் துளை வரை போனது.

"அவன் இன்னும் கேட்கவில்லையே," என்றான் எதிர்த்தரப்புக்காரன்.

விரல் திரும்பிவிட்டது. தண்ணீர் தீர்ந்தது.

தீர்ப்புக்கு நடுவர் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு வெண்கல வில்லைகள், ஒன்று தண்டனைக்கு, ஒன்று விடுதலைக்கு. எதைப் போட்டான் என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. கேட்டதை வைத்தே தீர்ப்பளிப்பேன் என்று நடுவனாக எடுத்த ஆணையை இரக்கத்தில் மீறிவிடுவோமோ என்ற பயத்தில் கிராத்தீஸ் தண்டனை வில்லையைப் போட்டான். தண்டனைக்கு இருநூற்றைம்பத்தொன்று, விடுதலைக்கு இருநூற்றைம்பது.

நௌசிக்லீஸை அடக்கம் செய்த பிறகு சாடியைத் திறந்தார்கள். அந்தத் தானியம் முழுவதும் ஏதென்ஸ் துறையிலேயே இறங்கியது என்றிருந்தது சாட்சியம்.

அவன் மனைவி மெலித்தா கிராத்தீஸின் வாசலில் வந்து நின்றாள். "ஒரு விரல்தானே ஐயா, வைத்திருக்கக் கூடாதா?"

"சட்டம் அம்மா," என்றான் அவன்.

பேச்சை எழுதியவனா, துளையை அடைக்காத விரலா? நௌசிக்லீஸைக் கொன்றது எது?

விடை: இரண்டும் இல்லை. பிலோக்லீஸ் செய்தது பிசகு. விரல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. ஆனால் கேட்கப்படாத சாட்சியம் ஒன்று சாடிக்குள் இருப்பது தெரிந்தும், தன் ஆணை கெடாதிருக்கப் போட்ட அந்த ஒரு வில்லைதான் கொன்றது. அது மறுபக்கம் விழுந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். மெலித்தா விரலைப் பற்றி மட்டுமே கேட்டாள். வில்லையைப் பற்றிக் கிராத்தீஸ் அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.